மதில்மேல் ஓடும் எலியை ஏர்கன்னால் சுடலாமா?

இரவில் பின்மதில்மேல் ஓடும் எலிகளை மாடி ஜன்னலிலிருந்து ஏர்கன்னால் சுடலாமா, மதிலுக்கு அந்தப் பக்கம் 10 மீட்டரில் அடுத்த வீடு என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

மதில்மேல் நிற்கும் எலிக்குப் பின்னால் குண்டைத் தாங்க எதுவுமே இல்லை. குறி தப்பினால் நேராகப் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். 4.5 மி.மீ. ஈயக்குண்டு பார்க்கச் சின்னதுதான், ஆனால் தடை இல்லாவிட்டால் சில நூறு மீட்டர் பாயும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். மதிலில் பட்டாலும் நிம்மதி இல்லை, எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அதுவும் இருட்டில்!

எலி பெரும்பாலும் ஒரே பாதையில், சுவரை ஒட்டியே ஓடும். காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள், உடம்பு உரசிய கறுப்புப் பிசுக்கு தெரியும். அங்கே விசைப்பொறியைக் குறுக்காக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடுகிற மாதிரி வையுங்கள். முதல் சில இரவுகள் விசையை ஏற்றாமல் இரை மட்டும் வைத்தால் எலிக்குப் பயம் தெளியும், அப்புறம் ஏற்றுங்கள். குப்பைத்தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். 1 செ.மீ. இடுக்கைக்கூட விடாமல் கம்பிவலையும் சிமென்ட்டும் வைத்து அடையுங்கள். குழந்தைகளோ பூனைகளோ வரும் இடமென்றால் பொறியைப் பெட்டிக்குள் வைப்பது அவசியம்.