பொது இடத்தில் கைகோத்தால் கேஸா? வக்கீல் அக்காவிடம் கேள்வி பதில்

தன்பாலீர்ப்பு ஜோடிகளுக்கு வெளியிடங்களில் வரும் தொல்லைகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சென்னையில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நானும் என் தோழியும் பீச்சில் கைகோத்து உட்கார்ந்திருந்தோம். ரோந்து வந்த போலீஸ்காரர், "294 போட்டு உள்ள தள்ளிடுவேன், வீட்டு போன் நம்பர் கொடு" என்றார். அப்படிப் போட முடியுமா?

பதில்: முடியாதும்மா. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. பொது இடத்தில் ஆபாசமான செயல், அதனால் மற்றவர்களுக்குத் தொந்தரவு, இரண்டும் இருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும். கைகோப்பதும் தோளில் சாய்வதும் ஆபாசம் ஆகாது. டெல்லியில் முத்தமிட்டதாக ஒரு கணவன் மனைவி மீது இதே பிரிவில் போட்ட வழக்கை 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அன்பைக் காட்டுவது எப்படி ஆபாசமாகும் என்றுதான் நீதிபதி முரளிதர் கேட்டார். ஆண்–பெண் ஜோடிக்கு ஒரு அளவுகோல், உங்களுக்கு வேறொன்று என்று வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

அப்படியே போட்டாலும் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதிகபட்சம் 3 மாதம் சிறை, 1,000 ரூபாய் அபராதம். பொழுது சாய்ந்த பிறகு பெண்களைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழலில்கூட, பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

அவர் கேட்ட இரண்டாவது விஷயத்தைக் கவனியுங்கள். வீட்டு நம்பர். கேஸ் நிற்காது என்று அவருக்கே தெரியும். நீங்கள் பயப்படுவது அப்பாவுக்குப் போகும் அந்த ஒரு போனுக்குத்தான் என்பதும் தெரியும். 18 வயது தாண்டியவர் பெற்றோர் நம்பரைத் தர வேண்டியதில்லை. கைதே செய்தாலும் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதைக் கைதானவர்தான் சொல்வார். அது நண்பராகவும் இருக்கலாம். அந்த நண்பர் யார் என்று இன்றே முடிவு செய்து, நம்பரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போனைத் திறந்து கையில் கொடுக்காதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடி வருவார்கள்.

கேள்வி: 377 இன்னும் இருக்கா?

பதில்: இல்லை. தன்பாலுறவைக் குற்றமாக்கிய பழைய பிரிவு அது. வயது வந்தவர்கள் சம்மதத்துடன் உறவு கொள்வது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது.

கேள்வி: மேடம், எங்க ஊர்ல ரெண்டு ஆம்பளைங்க தோள்ல கைபோட்டு நடந்தா யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. வெளியில சொல்லாம இருந்தா பிரச்னையே இல்லையே?

பதில்: ஐயா, என்னிடம் வந்த ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். டவுன் பஸ்ஸில் அவருடைய துணை அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் இவர் துணையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார். அவ்வளவுதான். பின்சீட்டுக்காரர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். இருவரும் பாதி வழியில் இறங்க வேண்டியதாயிற்று. தோளில் கைபோடுவதை ஊர் ஏற்றுக்கொள்வது அதை நட்பு என்று நினைக்கும்வரைதான். எந்த விரல் அசைவில் அந்த நினைப்பு உடையும் என்று நாள் முழுக்கக் கணக்குப் போட்டபடி வாழச் சொல்கிறீர்கள். அந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை, எனக்கும் இல்லை.

அவரே மறுபடி: ஆண்–பெண் ஜோடிக்கும்தானே அடி விழுது? எல்லாருக்கும் ஒண்ணுதானே?

பதில்: விழுகிறது. 2018-ல் கொல்கத்தா மெட்ரோவில் கட்டிப்பிடித்து நின்ற ஓர் இளம் ஜோடியைப் பயணிகளே அடித்தார்கள். அதுவும் அநியாயம்தான். ஆனால் அவர்களால் "கல்யாணம் பண்ணிக்கப் போறோம்" என்று சொல்லித் தப்ப முடியும். இவர்கள் உண்மையைச் சொன்னால் அடி இரட்டிப்பாகும்.

இன்னொருவர் குறுக்கே: அக்கா, அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நானும் கே தான். நாங்க அடக்கமா இருந்தே பத்து வருஷம் ஓட்டிட்டோம். சின்னப் பசங்க வீறாப்பு காட்டி எங்களையும் மாட்டிவிடுறாங்க.

பதில்: தம்பி, மறைந்து வாழ்வது உங்கள் முடிவு, அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்ட பிள்ளைகள்மேல் கோபப்படாதீர்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் அடங்கிப் போகாமல் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதனால்தான் 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவு வந்தது. தீர்ப்பு சொல்வதற்கு முன் உளவியல் நிபுணரிடம் அமர்ந்து இதைக் கற்றுக்கொண்டவர் அவர். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது: பால்புதுமையினரை, அதாவது தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றவர்களை, போலீசார் துன்புறுத்தக் கூடாது. இன்று நீங்கள் எழுதும் புகாரில் அந்த விதி எண்ணைக் குறிப்பிட முடிகிறது. அது அவர்களால் கிடைத்தது.

கேள்வி: பார்க்கில் கைபிடிச்சா 294 போடுவாங்களா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டேட்டிங் ஆப்பில் பேசியவன் நேரில் வந்து போட்டோ எடுத்துட்டு, வீட்டுக்கு அனுப்புவேன்னு பணம் கேட்கிறான்.

பதில்: இது மிரட்டிப் பணம் பறிப்பது, புதிய சட்டத்தில் பிரிவு 308. கொடுக்காதீர்கள். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகாரை ஒரு வக்கீலோடு போய்க் கொடுங்கள்.

கேள்வி: நாங்க கல்யாணம் பதிவு பண்ணலாமா?

பதில்: முடியாது, 2023-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியில்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேள்வி: கவுன்சிலிங் கொடுத்தா மாறிடுவாங்களா?

பதில்: மாற மாட்டார்கள். மாற்ற முயல்வதையே 2021 உத்தரவு தடை செய்திருக்கிறது.

கேள்வி: மெரினாவில் உட்கார்ந்தா போலீஸ் பிடிக்குமா? 294...

பதில்: முதல் பதில், தயவுசெய்து. பீச் மாறினால் சட்டம் மாறாது. போனைத் திறந்து கொடுக்காதீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. பஸ்ஸிலோ ரயிலிலோ இப்படி ஒரு ஜோடியை யாராவது திட்டுவதைப் பார்த்தால் நான் என்ன செய்யலாம்?

பதில்: திட்டுபவரோடு வாதாடாதீர்கள், கூட்டம் கூடிவிடும். நேராக அந்த ஜோடி பக்கத்தில் போய் நின்று, "எங்க இறங்கணும்?" என்று அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அவர்கள் முகம் தெரியும்படி வீடியோ எடுக்காதீர்கள். அந்த வீடியோவே நாளை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும். கூடவே இறங்கி, ஆட்டோ ஏறும்வரை நில்லுங்கள். புகார் கொடுக்க நினைத்தால் சாட்சியாக வருகிறேன் என்று உங்கள் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.