சாபு ஏன் நாயகனாக நிலைக்கவில்லை?

கேள்வி: மைசூரிலிருந்து ஹாலிவுட் சென்ற நடிகர் சாபு, சிறுவயதிலேயே பெற்ற உலகப் புகழைப் பின்னாளில் தக்கவைத்துக்கொள்ள முடியாமல் போனது ஏன்?

பதில்: அவருடைய திறமையில் குறை இருந்ததாக நான் கருதவில்லை. 1924இல் மைசூர் சமஸ்தானத்தில் யானைப் பாகனின் மகனாகப் பிறந்த சாபு, இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி குழுவின் கண்ணில் பட்டு 'எலிஃபன்ட் பாய்' (1937) படத்தில் நடித்தார். பிறகு இங்கிலாந்திலும், அதன்பின் அமெரிக்காவிலும் குடியேறினார். 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940), 'ஜங்கிள் புக்' (1942) ஆகிய படங்களில் அவரிடம் தெரிந்த துள்ளலும் கள்ளமற்ற சிரிப்பும் இன்றும் மனத்தை அள்ளுகின்றன.

1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவர், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பணியாற்றி வீரப் பதக்கமும் பெற்றார். ஆனால் அந்த நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்துத் திரும்பியவருக்கு அங்கே காத்திருந்தவை, பெரும்பாலும் காட்டுச் சிறுவன் வேடத்தின் சாயல்களே. 'பிளாக் நார்சிஸஸ்' (1947) போன்ற ஒரு சில படங்கள் மட்டுமே விதிவிலக்கு. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான காதலைத் திரையில் காட்டுவதையே தணிக்கை விதி தடைசெய்திருந்த அந்தக் காலத்தில், வளர்ந்துவிட்ட ஓர் இந்தியரைக் காதல் நாயகனாக நிறுத்தும் துணிவு பெரிய ஸ்டூடியோக்களுக்கு இல்லை என்பதே என் கருத்து. இது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி.

1963 டிசம்பரில், 39 வயதில், மாரடைப்பால் சாபு காலமானார். அவருடைய கடைசிப் படமான 'எ டைகர் வாக்ஸ்' மறு ஆண்டுதான் வெளியானது.