எலியை முகர்ந்துவிட்டு ஒதுங்கும் ஃபெரெட்: பட்டினி போடலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் சிறிய காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். முயல் தொல்லைக்காக மூன்று ஃபெரெட் (முயலை வளையிலிருந்து விரட்டப் பழக்கும், கீரி போன்ற சிறு ஊனுண்ணி) வளர்க்கிறேன்: 7 மாத ஆண் இரண்டு, 5 வயதுப் பெண் ஒன்று. மூன்றும் பொட்டலத் தீவனத்தில் வளர்ந்தவை. இப்போது உறைய வைத்த முழு எலி, கோழிக்குஞ்சுக்கு மாற்றப் பார்க்கிறேன். காலையிலேயே தீவனத் தட்டை எடுத்துவிட்டு மதியம் எலியை வைத்தால், சின்னவை தூங்கும் பெட்டிக்குள் இழுத்துப்போய் ஒளித்துவைக்கின்றன, தின்பதில்லை. பெரியது எச்சில் வடித்து, முன்காலால் வாயைத் தேய்த்து, பின்னங்கால் தள்ளாட ஒதுங்குகிறது. எலி என்றால் அவ்வளவு அருவருப்பு! இரண்டு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்கிறார் தீவனக் கடைக்காரர். போடலாமா ஐயா?

பதில்: போடாதீர்கள். இன்றே தீவனத் தட்டைத் திரும்ப வையுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது பெரியதைப் பற்றி. அது அருவருப்பு இல்லை, குமட்டல். எச்சில், வாயைத் தேய்ப்பது, பின்னங்கால் தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்து வந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மூன்று நான்கு வயதைத் தாண்டிய ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலினோமா என்ற, இன்சுலினை மிகையாகச் சுரந்து சர்க்கரையை இறக்கும் கட்டி வருவது சகஜம். காலையில் தட்டை எடுத்தீர்கள், மதியத்துக்குள் சர்க்கரை விழுந்திருக்கிறது. எலி பாவம், அது வந்த நேரம் அப்படி. ஃபெரெட் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சர்க்கரை பாருங்கள். லிட்டருக்கு 3.3 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் அநேகமாக அதுதான். துவண்டு விழுந்தால் ஈறில் கொஞ்சம் தேன் தடவுங்கள். வலிப்பு வந்திருந்தால் வாய்க்குள் விரலை விடாதீர்கள். தெளிந்ததும் அது வழக்கமாகத் தின்னும் தீவனம் கொடுத்து, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். அவர் சொல்லும்வரை அதன் தீவனத்தை மாற்ற வேண்டாம்.

பட்டினி யோசனை சின்னவற்றுக்கும் ஆகாது. ஃபெரெட்டின் குடல் குட்டை, சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் மற்ற பல பிராணிகளுக்கு இருக்கும் பை இதற்குக் கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிற பிராணி அது. முதல் ஆறு மாதத்துக்குள் எதை முகர்ந்து தின்றதோ அதுதான் அதற்குச் சோறு. மற்றது, பழக்கும்வரை, எவ்வளவு பசித்தாலும் விளையாட்டுச் சாமான்தான். இழுத்துப்போய் ஒளித்துவைத்துவிட்டுத் தின்னாததும் அதனால்தான். கடைக்காரருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மூட்டை கட்டப் போய்விடுவார். அவரே ‘சத்துப் பொடி’யும் நீட்டுவார், எலும்பு, ஈரல், ரோமத்தோடு முழு இரை தின்னும் பிராணிக்கு அது தண்டச் செலவு.

எலி வாங்கும் காசில் முதலில் கிராம் காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள். ஒரு கிண்ணத்தில் விட்டு, தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துச் சுவரில் எழுதுங்கள். ‘நல்லாத்தான் ஓடுது’ என்ற கண்கணக்கை நம்பாதீர்கள். இலையுதிர் காலத்தில் கொழுப்பு ஏறி வசந்தத்தில் இறங்கும் உடம்பு, அடர்ந்த ரோமம் வேறு. மெலிவு கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். 1 கிலோ பிராணி சில நாளில் 50 கிராம் இறங்கினால் மாற்றத்தை நிறுத்தி, பழைய தீவனத்துக்கே திரும்புங்கள்.

இனி முறை. பழைய தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஒரு தேக்கரண்டி பச்சைக் கோழிக் கொத்துக்கறி கலந்து வையுங்கள். தட்டு காலியானால் கறியைக் கூட்டி, கூழைக் குறையுங்கள். அடுத்து கோழி இறக்கை நுனி. எலும்பைக் கடித்து நொறுக்கப் பழகட்டும். பிறகுதான் குஞ்சு. கத்தரிக்கோலால் வயிற்றைக் கீறி, உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள்கரு வெளியே தெரிய வையுங்கள். பெரும்பாலும் முதலில் நக்குவது அதைத்தான். உதட்டில் ஒரு சொட்டுத் தடவினாலும் போதும். எலிக்கும் இதே வழி: கீறி, ஈரல் வெளியே தெரியக் கொடுங்கள். ஒன்று தின்னத் தொடங்கினால் மற்றது பின்னாலேயே வரும். சில வாரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள்.

குளிர்ந்த இரைக்கு வாசனை இல்லை. ஃபெரெட்டுக்கு மூக்குதான் எல்லாம். இரவு ஃபிரிட்ஜில் உருகவிட்டு, கொடுக்கும் முன் பையில் போட்டு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வயிறு வெடிக்கும், எலும்பு வெந்து சில்லாகும்.

அளவு: உடல் எடையில் 5 முதல் 7 சதவீதம், வளரும் வயதில் கூடுதலாகவே கேட்கும். 1 கிலோ ஆணுக்கு நாளைக்கு ஒன்றரை இரண்டு குஞ்சு. ஆனால் குஞ்சை மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறையும். வளர்ந்த எலி, முயல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ரோமம் முளைக்காத பிஞ்சு எலி வேண்டாம்.

முதல் சில நாள் சாணம் இளகலாம், விதை விதையாகவும் வரலாம். தார் போல் கறுத்தால் குடலில் இரத்தம், மருத்துவரைப் பாருங்கள். தூங்கும் பெட்டியைத் தினமும் துழாவி, ஒளித்த மிச்சத்தை எடுங்கள். கோடையில் ஈ முட்டையிட்டுவிடும். கொட்டகையில் செத்துக் கிடக்கும் எலியை மட்டும் கொடுக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எலி மருந்து வைத்திருந்தால் அந்த விஷம் ஃபெரெட்டுக்குள்ளும் போகும். சுட்ட முயலாக இருந்தால் குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டுக் கொடுங்கள், ஈயம் இருக்கும்.