தள்ளுபடிக்குக் காத்திருக்கும் பயிர்க் கடன்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் மூன்று ஏக்கர் நெல் விவசாயம் செய்கிறேன். சம்பாவுக்குக் கூட்டுறவுச் சொசைட்டியில் 1,20,000 ரூபாய் பயிர்க் கடன் வாங்கினேன். அதில் 70,000 ரூபாயை என் மனைவியின் அண்ணன் கடை வைக்க வாங்கிக்கொண்டார். வயல் செலவுக்குப் போதாமல் வெளியே 50,000 ரூபாய் இரண்டு ரூபாய் வட்டிக்கு எடுத்தேன். சொசைட்டிக் கடனின் கெடு முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. "கட்டாதீங்க மாப்ளே, தள்ளுபடி வந்துரும்" என்கிறார் மச்சான். இதற்கிடையே, மத்திய அரசு விவசாயிகளுக்கு வருடம் தரும் பி.எம். கிசான் பணம் 6,000 ரூபாயை முதலீட்டோடு சேர்ந்த பாலிசியில் போடச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். போடலாமா? போன தவணை வேறு இன்னும் வரவில்லை.

பதில்: பாலிசி வேண்டாம். வெளிக்கடனுக்கு மாதம் 1,000, வருடம் 12,000 ரூபாய் வட்டி கட்டுகிறீர்கள். கிசான் பணம் அதில் பாதிக்குத்தான் வரும். 24 சதவீத வட்டிக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு முதலீடு பற்றிப் பேசுவதே தப்பு. அந்த வட்டிக்கு ஈடாக நிச்சய வருமானம் தரும் பாலிசி எதுவும் கிடையாது. ஏஜென்டுக்குக் கமிஷன் கிடைக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் மச்சானின் யோசனைதான். தள்ளுபடி வந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2016இல் வந்தது, 2021இல் 12,110 கோடி ரூபாய்க்கு வந்தது. ஆனால் 2021இல் பார்த்தது, குறிப்பிட்ட தேதியில் யார் பெயரில் பயிர்க் கடன் நிலுவையில் இருந்தது என்பதைத்தான். கெடு தவறியவருக்கு மட்டும் என்று சொல்லவில்லை. கெடுவுக்குள் கட்டி, அடுத்த பட்டத்துக்கு, அதாவது அடுத்த சாகுபடிப் பருவத்துக்கு, திரும்ப வாங்கியவர் பெயரிலும் கடன் இருந்தது. அவருக்கும் தள்ளுபடி ஆனது. அப்படியிருக்க, கட்டாமல் இருந்து நீங்கள் எதைச் சம்பாதிக்கப் போகிறீர்கள்?

இழப்பதைக் கணக்குப் போடுங்கள். நாள் தவறாமல் கட்டினால் இந்தக் கடனுக்கு வட்டியே இல்லை. தவறினால் 7 சதவீதம், வருடத்துக்கு 8,400 ரூபாய். அபராத வட்டி தனி. பழைய பாக்கி நிற்கும்வரை சொசைட்டி புதுக் கடனும் தராது. அடுத்த சாகுபடிக்கு அதே 1,20,000 ரூபாயை வெளியே வாங்கினால் வருட வட்டி 28,800. இரண்டையும் கூட்டினால் 37,000 ரூபாயைத் தாண்டும். ஆறு வருடத்துக் கிசான் பணம் ஒரே வருடத்தில் போய்விடும்.

அதனால் மச்சானிடம் பணத்தைக் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம், மனைவியையும் கூட்டிப் போங்கள். முழுசாக இல்லாவிட்டாலும் எவ்வளவு, எந்தத் தேதி என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியதும் முதலில் சொசைட்டிக்குக் கட்டுங்கள். துண்டு விழுந்தால் வீட்டு நகையைக் கூட்டுறவு வங்கியில் வைக்கலாம். இரண்டு ரூபாய் வட்டியைவிட அங்கே வட்டி ரொம்பக் குறைவு. கெடுவுக்குள் கட்டிவிட்டு, நில உரிமையைக் காட்டும் சிட்டா, பயிர் விவரத்தைக் காட்டும் அடங்கல் இரண்டோடும் அடுத்த பட்டத்துக்கு மனுக் கொடுங்கள். அந்தப் பணம் வயலுக்கு மட்டும்தான். மச்சான் மறுபடி கேட்டால், "இது பயிருக்கு வந்த பணம்" என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வராத தவணை. இ-கேஒய்சி என்ற ஆதார் அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததா, ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதா, நிலப் பதிவு ஏறியிருக்கிறதா என்று இ-சேவை மையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் நிற்கும். வந்ததும் அந்த 2,000 ரூபாயையும் வெளிக்கடன் அசலில் கட்டிவிடுங்கள்.