குட்டி ஆமையா, வளர்ந்த ஆமையா?

கேள்வி: ஹெர்மன் ஆமை (தெற்கு ஐரோப்பாவின் தரை ஆமை) ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறோம். கடையில் 4 மாதக் குட்டி இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் 15 வயதுப் பெண் ஆமையை விற்கிறார். எதை வாங்கலாம்? 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று மாமியார் வேறு முணுமுணுக்கிறார்.
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: வெயில் விழும் தோட்டம் இருந்தால் பெரியதையே வாங்குங்கள். புதிதாக வளர்ப்பவர் கையில் கெட்டுப்போவது பெரும்பாலும் குட்டிதான்.

குட்டியின் உடம்பில் நீர் சீக்கிரம் வற்றிவிடும். தினமும் வெதுவெதுப்பான நீரில், தாடைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு ஊற்றி, 15 நிமிடம் விட வேண்டும். கூண்டில் விளக்கின் நேர் கீழே 32–35 டிகிரி செல்சியஸ் சூடு, மறுகோடியில் 20–22. புற ஊதாக் கதிர் தரும் யூவிபி குழல்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துவிடும். ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். கதிரும் கால்சியமும் போதாவிட்டால் ஓடு மெத்தென்று அமுங்கும். மண் எந்நேரமும் காய்ந்து கிடந்தாலோ ஓட்டின் கட்டங்கள் சின்னச் சின்னக் கோபுரமாக எழும்பும், பிறகு மட்டமாகாது. குட்டிக்கு விளக்கு தினமும் 12 மணி நேரம் எரிய வேண்டும். மின்கட்டணம் வரும்போது மாமியார் சொன்னதில் பாதி உண்மை என்று தோன்றும்! 4 மாதத்தில் ஆணா பெண்ணா என்றும் பார்த்துச் சொல்ல முடியாது.

பெரியதைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருக்க வேண்டும், காலை இழுத்தால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கில் குமிழி வந்தாலோ, அலகு கிளிமூக்குபோல் வளைந்து நீண்டிருந்தாலோ மருத்துவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். வீடு மாறிய புதிதில் சில நாள் சாப்பிடாமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

பெண் ஆமை ஆண் துணையில்லாமலும் முட்டையிடும். வெயில் படும் இடத்தில் தோண்ட மண்மேடு இல்லையென்றால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வேலியோரமாகவே அலைந்து, பின்காலால் மண்ணைக் கீறிக் கீறி விட்டுவிட்டு, தீனியையும் தொடவில்லையென்றால் உடனே எக்ஸ்ரே எடுங்கள். தீனி டான்டிலியன் போன்ற களைச்செடிகள்தான். பழம் வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும்.

விலைக்கு வாங்கும்போது ஆர்ட்டிகிள் 10 சான்றிதழை, அதாவது இந்த ஆமையை விற்பதற்கான அரசு அனுமதியை, கேளுங்கள். பெரிய ஆமையென்றால் அதிலுள்ள எண்ணும் ஆமையின் உடம்பில் பதித்த மைக்ரோசிப் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு வாசகர்கள் இதைப் படித்துவிட்டு நட்சத்திர ஆமை தேடிப் போக வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.