சம்பளம் கொடுக்க ஆரம்பித்த பிறகும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஏன் இத்தனை வழக்குகள்?

கேள்வி கேட்டவர் சொல்வது சரிதான். 2025 ஜூலை 1 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். நூறு வருடத்துக்கும் மேலாகக் கூடவே கூடாது என்று சொல்லிவந்த விஷயம் அது. "அப்புறமும் ஏன் வழக்கு மேல் வழக்கு? தொழில்முறை லீகுகளில் இந்த அளவுக்கு இல்லையே? இங்கிருந்து டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் போகிற பிள்ளைகளுக்கு இதனால் ஏதாவது பாதிப்பு உண்டா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

சுருக்கமான பதில்: சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள், ஆனால் சம்பளம் வாங்குகிறவர்களின் சங்கத்தோடு பேசி வைக்கவில்லை. மீதியெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

நான் வக்கீல் இல்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படித்தபோது, புள்ளியியல் அறிமுக வகுப்புக்கு உதவி ஆசிரியராக இருந்தேன். காலை எட்டு மணி வகுப்பு. பின்வரிசையில் ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து இல்லை, அமெரிக்க ஆட்டம்) அணிப் பையன்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள், அதற்குள்ளேயே எடைப் பயிற்சியை முடித்துவிட்டு. வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் விளையாட்டுத் துறை ஆள் ஒருவர் கதவருகே வந்து, கையிலிருக்கும் பட்டியலைப் பார்த்துத் தலைகளைச் சரிபார்த்துவிட்டுப் போவார். வெளியூர் ஆட்டம் என்றால், எந்தெந்த நாள் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்று அச்சடித்த கடிதம் செமஸ்டர் தொடக்கத்திலேயே என் மேஜைக்கு வந்துவிடும்.

எனக்கு வாரம் 20 மணி நேர வேலை, மாதச் சம்பளம், வருட முடிவில் வரிப் படிவம். அவர்களுக்கும் வாரம் 20 மணி நேரம்தான். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி அப்படி. ஆனால் அந்தக் கணக்கில் பயண நேரம் சேராது. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரம் என்றே எழுதிக்கொள்வார்கள். சனிக்கிழமை காலையிலிருந்து இரவு வரை அந்தப் பையன்கள் எங்கே இருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும், டிவியில் பார்த்ததுதானே. நான் ஊழியன். அவர்கள் 'மாணவர்கள்'.

சரி, சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1890-இல் வந்த ஷெர்மன் சட்டப்படி, போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி "இதற்கு மேல் யாரும் சம்பளம் தரக்கூடாது" என்று முடிவு செய்தால் குற்றம். அப்படியானால் என்.எஃப்.எல். ஃபுட்பால் லீகில் 32 அணிகளும் சேர்ந்து சம்பள உச்சவரம்பு வைத்திருக்கின்றனவே, அது எப்படிச் செல்லும்? வீரர்களின் யூனியன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அதனால் செல்லும். தொழிற்சங்கத்தோடு பேரம் பேசி வைத்த கட்டுப்பாடுகளை ஷெர்மன் சட்டம் தொடாது. 1996-இல் உச்ச நீதிமன்றமும் இந்த விலக்கை உறுதிசெய்தது.

இது எவ்வளவு பலமான கவசம் என்பதற்கு மொரீஸ் கிளாரெட் வழக்கைப் பார்க்கலாம். 2002 சீசனில் முதலாண்டு மாணவராகவே ஒஹாயோ ஸ்டேட் அணிக்குத் தேசிய பட்டம் வாங்கித் தந்தவர். பள்ளி முடித்து மூன்று சீசன் ஆகாமல் என்.எஃப்.எல். டிராஃப்டுக்கு (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வரக்கூடாது என்ற விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார். 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமயோர், இன்று உச்ச நீதிமன்ற நீதிபதி. அது யூனியனோடு பேசி முடிக்க வேண்டிய விஷயம், எங்களிடம் வராதே என்பதுதான் அதன் சாரம்.

என்.சி.ஏ.ஏ.வுக்கு அந்தக் கவசம் இல்லை. இத்தனை காலம் அது வேறொன்றை மாட்டிக்கொண்டிருந்தது. 1984-இல் தொலைக்காட்சி உரிமை வழக்கில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திடம் என்.சி.ஏ.ஏ. 7க்கு 2 என்று தோற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பில் போகிற போக்கில் ஒரு வாக்கியம்: கல்லூரி விளையாட்டின் தன்மையைக் காக்க வேண்டுமானால் ஆட்டக்காரருக்குப் பணம் தரக்கூடாது என்ற பொருளில். தோற்ற வழக்கிலிருந்து கிடைத்த அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் ஓட்டிவிட்டார்கள்.

முதல் பெரிய அடி எட் ஓ'பேனனிடமிருந்து வந்தது. 1995-இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்குப் பட்டம் வென்ற கூடைப்பந்து வீரர். பல வருடம் கழித்து நண்பர் வீட்டில் ஒரு வீடியோ கேமைப் பார்க்கிறார். திரையில் அவரே ஆடிக்கொண்டிருக்கிறார். அதே 31-ஆம் எண் சட்டை, அதே இடது கை ஆட்டம், பெயர் மட்டும் இல்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை, ஒரு காசு தரவில்லை. 2009-இல் வழக்குப் போட்டார், 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். (இந்த நீதிபதியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.)

அடுத்தது 2021 ஜூன் 21, ஆல்ஸ்டன் வழக்கு. உச்ச நீதிமன்றம் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக 9-0. கேட்கப்பட்டது சின்ன விஷயம்தான்: கணினி, இன்டர்ன்ஷிப் மாதிரி படிப்பு தொடர்பான சலுகைகளுக்கு வரம்பு வைக்கலாமா என்பது. வைக்கக்கூடாது என்றார்கள், 1984-இன் அந்த வாக்கியம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றும் சேர்த்தார்கள். நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்புதான் என்.சி.ஏ.ஏ.வை உறங்கவிடாமல் செய்தது. உழைப்பவருக்குச் சந்தை ஊதியம் தராததே எங்கள் சரக்கின் சிறப்பு என்று வேறு எந்தத் தொழிலிலும் சொல்லித் தப்ப முடியாது, என்.சி.ஏ.ஏ. சட்டத்துக்கு மேலானது அல்ல என்று எழுதினார். பத்து நாளில், ஜூலை 1 அன்று, விளம்பரத்தில் நடித்தோ கையெழுத்து விற்றோ சொந்தப் பெயரில் சம்பாதிக்கும் உரிமை ஆட்டக்காரர்களுக்கு வந்தது. என்.ஐ.எல். என்று செய்தியில் பார்ப்பது இதைத்தான்.

அதற்கப்புறம் எந்த விதியைத் தொட்டாலும் விழ ஆரம்பித்தது. இரண்டாவது முறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதியை 2023 டிசம்பரில் ஏழு மாநிலங்கள் சேர்ந்து கோர்ட்டில் நிறுத்தின. டென்னசி, வர்ஜீனியா மாநிலங்கள், சேர்வதற்கு முன்பே என்.ஐ.எல். பேரம் பேசக்கூடாது என்ற தடையை 2024 பிப்ரவரியில் முடக்கின. வேண்டர்பில்ட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் குவாட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தும் வீரர்) டியாகோ பாவியா, ஜூனியர் காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) ஆடிய வருடங்களை என் தகுதிக் காலத்தில், அதாவது கல்லூரி அணிக்கு ஆட அனுமதிக்கும் வருடக் கணக்கில், சேர்க்காதே என்று கேட்டார். 2024 டிசம்பரில் தடையாணை கிடைத்தது. அடுத்த சீசனும் ஆடி, சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பைப் போட்டியில் இரண்டாமிடம் வரை போனார். அவரைப் பார்த்து "எனக்கும் இன்னொரு வருடம்" என்று ஊருக்கு ஊர் மனுக்கள். கிளாரெட் தோற்ற இடத்தில் பாவியா ஜெயித்ததற்கு ஆளின் திறமையோ வக்கீலின் திறமையோ காரணமில்லை; ஒரு பக்கம் யூனியன் கையெழுத்து இருந்தது, மறுபக்கம் இல்லை.

இப்போது ஹவுஸ் சமரசம். கிராண்ட் ஹவுஸ் அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர். வீரர்களுக்குப் பணம் தராததை எதிர்த்து அவர் பெயரில் நடந்த வழக்கு தீர்ப்பு வரை போனால் திவால்தான் என்று பயந்து என்.சி.ஏ.ஏ.வும் பெரிய கான்ஃபரன்ஸ்களும் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புகள்) சமரசத்துக்கு வந்தன. ஒப்புதல் தந்தது அதே நீதிபதி வில்கன், 2025 ஜூன் 6 அன்று. பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர், பத்து வருடத்தில். இனிவரும் வீரர்களுக்கு, இத்திட்டத்தில் சேரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் வருடம் சுமார் 2.05 கோடி டாலர் வரை பங்கு தரலாம். அதற்கு மேல் கூடாது. வெளியார் தரும் என்.ஐ.எல். பணம் 600 டாலரைத் தாண்டினால் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் ஒரு தீர்வகத்தில் காட்டி, இது உண்மையான வியாபாரம்தான் என்று ஒப்புதல் வாங்க வேண்டும்.

அந்த "அதற்கு மேல் கூடாது" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. யார் யாரோடு பேசி வைத்த வரம்பு? இந்த வழக்கின் வக்கீல்களும் என்.சி.ஏ.ஏ.வும் பேசியது. அடுத்த வருடம் சேரும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அதில் வாக்கு இல்லை, பிரதிநிதி இல்லை. அவன் வழக்குப் போட்டால் சமரசத்தைக் காட்டிக் கொஞ்ச காலம் தடுக்கலாம். எத்தனை காலம் என்பதுதான் பந்தயம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1990களில் என்.சி.ஏ.ஏ. சில உதவிக் கோச்சுகளின் சம்பளத்துக்கும் வருடத்துக்கு 16,000 டாலர் என வரம்பு வைத்துப் பார்த்தது. கோச்சுகள் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார்கள், 5.45 கோடி டாலர் கொடுத்து முடிக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து கோச் சம்பளம் பக்கம் யாரும் போவதில்லை. 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்புவதற்கே 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. ஒரு மனிதர் கோச்சாக இல்லாமல் இருப்பதற்கான விலை, ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா வீரர்களுக்கும் சேர்த்து முதல் வருடம் வைத்த வரம்பைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல்.

அப்படியானால் யூனியன் வைத்துவிட வேண்டியதுதானே? யூனியன் வேண்டுமென்றால் முதலில் ஊழியராக வேண்டும். அங்கேதான் எல்லோரும் நழுவுகிறார்கள். 2014-இல் நார்த்வெஸ்டர்ன் ஃபுட்பால் வீரர்கள் முயன்றார்கள். தேசியத் தொழிலுறவு வாரியம் அடுத்த வருடம், இது எங்கள் அதிகாரத்துக்குள் எடுக்க உகந்தது அல்ல என்று கைகழுவியது. காரணம் முழுக்கத் தவறும் இல்லை. வாரியத்தின் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கு மட்டும். நார்த்வெஸ்டர்ன் தனியார், அது மோதும் அணிகளில் பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழகங்கள். வட கரோலினா மாதிரி மாநிலங்களில் அரசு ஊழியர் கூட்டு ஒப்பந்தம் போடவே சட்டம் இடம் தராது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கூடைப்பந்து அணி 13-2 என்று வாக்களித்து யூனியனில் சேர்ந்தது. அரசாங்கம் மாறினால் வாரியமும் மாறும், பாதகமான முன்னுதாரணம் வந்துவிடும் என்ற கணக்கில் வருடக் கடைசியில் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். பிலடெல்பியா மேல்முறையீட்டு நீதிமன்றம் மட்டும் 2024 ஜூலையில், அமெச்சூர் என்ற முத்திரையைக் காட்டித் தப்ப முடியாது, ஊதியச் சட்டப்படி இவர்கள் ஊழியராகவும் இருக்கலாம் என்று சொல்லி வழக்கைக் கீழே அனுப்பியது. என் கருத்தைக் கேட்டால், சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பார்கள்.

பெண்கள் பங்கு என்று இன்னொரு முனை இருக்கிறது. ஹவுஸ் சமரசத்தில் பழைய வீரர்களுக்குத் தர வேண்டிய பாக்கியில் சுமார் 90 சதவீதம் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் இதை அனுமதிக்காது என்று எட்டு வீராங்கனைகள் 2025 ஜூனிலேயே மேல்முறையீடு செய்தார்கள். பாக்கிப் பட்டுவாடா அதோடு நின்றது. கையில் தருவது சம்பளமா கல்வி உதவியா என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதால், இதுவும் அந்த ஊழியர் கேள்விக்கே திரும்புகிறது.

கடைசியாக நம் பிள்ளைகள். சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றவர். அந்தப் பாதை மூடவில்லை, குறுகியிருக்கிறது. முன்பு ஆண்கள் டென்னிஸ் அணிக்கு 4.5 முழு ஸ்காலர்ஷிப், அதைப் பல பேருக்குப் பங்கு போடுவார்கள். ஹவுஸ் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இப்போது அந்த வரம்பு இல்லை. பதிலாக அணியில் 10 பேருக்கு மேல் கூடாது. பத்துப் பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம், தர வேண்டும் என்றில்லை. ஃபுட்பாலுக்குப் பணம் ஒதுக்க வேண்டியிருப்பதால் சின்ன விளையாட்டுகளின் கழுத்தில்தான் கத்தி. கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே மூடியபோது இந்தச் சமரசத்தையும் ஒரு காரணமாகச் சொன்னது.

எஃப்-1 விசாவில் போகிறவர்களுக்குப் பணப் பக்கம் இன்னும் சிக்கல். மாணவர் விசாவில் வெளி வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு. நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர் என்று இரண்டு வருடம் பெயரெடுத்த பர்டூ பல்கலைக்கழகத்தின் சாக் ஈடி, கனடாக்காரர் என்பதாலேயே, சக ஆட்டக்காரர்கள் போல அமெரிக்க விளம்பரங்களில் சம்பாதிக்க முடியாமல் இருந்தார். ஆகவே சேரும் முன் கோச்சிடம் மூன்று கேளுங்கள்: கல்லூரி ஹவுஸ் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா, ஸ்காலர்ஷிப் நான்கு வருடத்துக்கா வருடா வருடம் புதுப்பிப்பதா, காயம் பட்டால் தொடருமா. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பங்குப் பணம், விளம்பரப் பணம் எது வந்தாலும் கையெழுத்துப் போடுமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசாரியுங்கள். "கோச் பரவாயில்லை என்றார்" என்பது விசா அதிகாரியிடம் எடுபடாது.