வெள்ளையா கலங்குதுன்னா மொதல்ல தண்ணிய பாருங்க

ஏனுங் தம்பி, வெள்ளி நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி வெள்ளித் துகள்) பண்றதுக்கு மஞ்சத் தழைய வேகவெச்ச சாறுல சில்வர் நைட்ரேட் ஊத்துனா, துகள் வந்ததுக்கு அடையாளமான பழுப்பு நெறம் வராம பாலாட்டம் கலங்குதுன்னு போட்டிருந்தீங்க. தழை மேல தப்பில்லீங், தண்ணி எதுங்க, போர் தண்ணியா? நம்ம ஈரோடு திருப்பூர் பக்கம் பாதி போர் உப்புக்கரிக்கும், அதுல இருக்கற குளோரைடு வெள்ளியப் புடிச்சு சில்வர் குளோரைடா வெள்ளையா எறக்கிருது, நானும் படிக்கறப்ப இதே கூத்துல ரெண்டு வாரம் போக்குனேன். சாறே இல்லாம வெறும் தண்ணியில ரெண்டு சொட்டு நைட்ரேட் உட்டுப் பாருங்க, கலங்குச்சுன்னா குத்தவாளி அதுதான். தழை கழுவற கடைசித் தண்ணியில இருந்து எல்லாமே டிஸ்டில்டு வாட்டர்ல பண்ணுங்க.

100 மில்லிக்கு 17 மில்லிகிராம் நைட்ரேட் போட்டா கரைசலோட செறிவு 1 மில்லிமோலார், அது போதும். அந்த வெள்ளைக் கலங்கல வெயில்ல வெச்சா அதுவே கறுத்துரும், நானோ துகள் வந்துருச்சுன்னு ஏமாந்துறாதீங்க, இருட்டுல வைங்க. சாறு புளிப்பா இருந்தா வேல மெதுவாத்தான் நடக்கும், காஸ்டிக் சோடா கரைசல் ஒண்ணு ரெண்டு சொட்டு உடலாம், ஆனா சாஸ்தி உட்டா சில்வர் ஆக்சைடு பழுப்பா எறங்கி அதுவும் ஏமாத்தும். யூவி ஸ்பெக்ட்ரம்ல (கரைசல் எந்த ஒளிய எவ்வளவு உறிஞ்சுதுன்னு காட்டற கோட்டுப்படம்) 400லிருந்து 450 நானோமீட்டருக்குள்ள மேடு வந்தா மட்டும் நம்புங்க. கிளவுஸ் போட்டுக்குங்க, நைட்ரேட் கையில பட்டா வர்ற கறுப்புக் கறை லேசுல போகாதுங்.